பாய்லர் கேஜ் கிளாஸ்: புதிதாகப் பணியில் சேருபவர் கற்க வேண்டியவை

திருப்பூர், ஈரோடு பகுதிச் சாய ஆலைகளிலோ காங்கேயத்து அரிசி ஆலைகளிலோ பாய்லர் அறைக்கு உதவியாளராகச் சேரும் ஒருவரிடம் பெரும்பாலும் முதலில் ஒப்படைக்கப்படும் பொறுப்பு, கேஜ் கிளாஸைக் கவனித்துக்கொள்வதுதான். பாய்லரின் முன்பக்கத்தில் இரண்டு உலோகப் பொருத்துகளுக்கு நடுவே செங்குத்தாக நிற்கும் அந்தக் கண்ணாடிக் குழாய், உள்ளே தண்ணீர் எந்த மட்டத்தில் இருக்கிறது என்பதைக் காட்டுகிறது. பாய்லர் அறையில் இதைவிட எளிய கருவி வேறில்லை. ஆனால் அதன் வழிகளில் அடைப்பு விழுந்தால், தண்ணீர் குறைந்துகொண்டிருக்கும்போதும் நிறைய இருப்பதாகவே அது காட்டும். ஆகவே கிளாஸைப் பார்க்கக் கற்றுக்கொள்வதோடு, அது காட்டுவது உண்மைதானா என்று சோதிக்கவும் கற்றுக்கொள்வதே இந்த வேலையின் அடிப்படை. இந்தக் கட்டுரை அதற்காகவே எழுதப்படுகிறது. சான்றிதழ் பெற்ற பாய்லர் அட்டெண்டண்ட் ஒருவரின் மேற்பார்வையில் நீங்கள் பணிபுரிகிறீர்கள் என்ற அடிப்படையில்தான் கீழே உள்ள படிகள் சொல்லப்படுகின்றன. அவர் அருகில் இல்லாமல் எந்த வால்வையும் தொட வேண்டாம்.

முதலில் அமைப்பைத் தெரிந்துகொள்ளுங்கள்

கிளாஸின் மேல்முனை பாய்லரின் நீராவிப் பகுதியோடும், கீழ்முனை நீர்ப் பகுதியோடும் இணைக்கப்பட்டிருக்கும். இரு முனைகளிலும் ஒரே அழுத்தம் இருப்பதால், உள்ளே இருக்கும் நீர்மட்டமே குழாயிலும் தெரிகிறது. மேலே இருப்பது ஸ்டீம் வால்வு, கீழே இருப்பது வாட்டர் வால்வு, அதற்கும் அடியில் இருப்பது டிரெயின் வால்வு. இந்த மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டு கைகாட்டும் அளவுக்கு மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்.

கைப்பிடிகள் நிற்கும் திசை புதியவர்களைக் குழப்பும். வீட்டுக் குழாய்களில் கைப்பிடி குழாயின் திசையிலேயே இருந்தால் திறந்திருக்கிறது என்று பொருள். பெரும்பாலான கேஜ் கிளாஸ்களில் இது நேர்மாறானது. பாய்லர் ஓடும்போது மூன்று கைப்பிடிகளும் நேராகக் கீழ்நோக்கித் தொங்கும். அந்த நிலையில் ஸ்டீம் வால்வும் வாட்டர் வால்வும் திறந்திருக்கும், டிரெயின் மட்டும் மூடியிருக்கும். அதிர்வில் கைப்பிடி தளர்ந்து கீழே சரிந்தாலும் கிளாஸ் வேலைசெய்யும் நிலையிலேயே இருக்க வேண்டும் என்பதற்காக இப்படி அமைத்திருக்கிறார்கள். உங்கள் பாய்லரில் எப்படி இருக்கிறது என்பதைத் தயாரிப்பாளரின் கையேட்டில் பார்த்தும் அட்டெண்டண்டிடம் கேட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இந்தியன் பாய்லர் ரெகுலேஷன்ஸ், 1950 விதிகளின்படி பாய்லரில் நீர்மட்டம் காட்டும் கருவிகள் பொதுவாக இரண்டு இருக்க வேண்டும். ஒன்று பொய் சொன்னால் மற்றொன்று காட்டிக்கொடுக்கும் என்பதற்காகவே இரண்டு. ஒன்றில் கசிவு என்று மூடி வைத்துவிட்டு மற்றொன்றை மட்டும் நம்பி நாள்கணக்கில் ஓட்டுவதைச் சில இடங்களில் காணலாம். அதை வழக்கம் என்று ஏற்றுக்கொண்டுவிடாதீர்கள்.

கிளாஸில் பல வகைகள் உண்டு. சிறிய பாய்லர்களில் வட்டக் கண்ணாடிக் குழாயும், அதைச் சுற்றி மூன்று பக்கமும் தடித்த பாதுகாப்புக் கண்ணாடியும் இருக்கும். இன்னொரு வகை ரிஃப்ளெக்ஸ் கிளாஸ். தட்டையான தடித்த கண்ணாடியின் உட்பக்கத்தில் வரிவரியாக முப்பட்டைப் பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கும், தண்ணீர் உள்ள பகுதி கறுப்பாகவும் நீராவிப் பகுதி வெள்ளிபோலவும் தெரியும். மின்நிலையங்களில் உள்ளதுபோன்ற உயர் அழுத்தப் பாய்லர்களில், சூடான காரநீர் கண்ணாடியை அரித்துவிடும் என்பதால் மைக்கா தகடு வைத்துப் பாதுகாத்த கிளாஸ்கள் பயன்படுகின்றன. நீங்கள் முதலில் கையாளப்போவது பெரும்பாலும் வட்டக் குழாய் என்பதால் மேற்கொண்டு அதைப் பற்றியே பேசுவோம்.

பார்ப்பது எப்படி

கண்ணை நீர்மட்டத்தின் உயரத்துக்குக் கொண்டுசென்று பாருங்கள். முழுக்க நிறைந்த குழாயும் முழுக்கக் காலியான குழாயும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும் என்பதை ஒருபோதும் மறக்கக் கூடாது. நிறைந்தது என்று எண்ணிக்கொண்டு காலிக் குழாயைப் பார்த்தபடி தீயைத் தொடர்வதைவிடப் பெரிய ஆபத்து இந்த அறையில் இல்லை. இதற்காகவே பல கிளாஸ்களின் பின்புறத்தில் சாய்வான கறுப்பு வெள்ளைக் கோடுகள் தீட்டிய தகடு வைக்கப்படுகிறது. தண்ணீர் உள்ள பகுதியின் வழியே பார்த்தால் கோடுகள் எதிர்ப்பக்கமாகச் சாய்ந்து தெரியும். நீராவி உள்ள பகுதியில் அவை இயல்பான சாய்விலேயே இருக்கும். தகடு புகைபடிந்து கறுத்திருந்தால் துடைத்து வையுங்கள். பின்னால் ஒரு விளக்கு இருந்தால் இரவுப் பணியில் பெரிதும் உதவும்.

நன்றாக இயங்கும் கிளாஸில் இரண்டு அடையாளங்கள் உண்டு. ஒன்று, நீர்மட்டம் அசையாமல் நிற்காது. பாய்லர் கொதிக்கும்போது ஓரிரு மில்லிமீட்டராவது மேலும் கீழும் துள்ளிக்கொண்டே இருக்கும். இரண்டு, நீருக்கு மேலுள்ள பகுதியின் உட்சுவரில் நீராவி குளிர்ந்து சிறு துளிகளாகி, ஒன்றோடொன்று சேர்ந்து வழிந்து நீர்மட்டத்தில் கலந்தபடி இருக்கும். தீ நன்றாக எரியும்போது மட்டம் கோடு போட்டதுபோல் அசையாமல் நின்றால் அது உங்களை நிம்மதிப்படுத்தக் கூடாது, எச்சரிக்க வேண்டும்.

கிளாஸ் காட்டும் மட்டமும் பாய்லருக்குள் உள்ள மட்டமும் துல்லியமாக ஒன்றல்ல என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 10 பார் அழுத்தத்தில் உள்ளே உள்ள நீர் ஏறத்தாழ 184 டிகிரி செல்சியஸில் இருக்கும், ஒரு கன மீட்டருக்கு 882 கிலோ மட்டுமே எடை கொண்டிருக்கும். கிளாஸில் உள்ள நீர் குளிர்ந்து 90 டிகிரி அளவுக்கு வந்துவிட்டால் அதன் எடை 965 கிலோ ஆகிவிடும். கனமான நீர் குறைந்த உயரத்திலேயே சமநிலை அடைந்துவிடுவதால், கீழ் இணைப்புக்கு மேல் உள்ளே 300 மில்லிமீட்டர் நீர் இருக்கும்போது கிளாஸ் 274 அளவையே காட்டும். இந்தப் பிழை குறைத்துக் காட்டுவதால் பாதுகாப்பான பக்கத்தில் இருக்கிறது.

நீராவித் தேவை திடீரென்று கூடும்போது மட்டம் ஏறுவதும் புதியவர்களை ஏமாற்றும். சாய இயந்திரம் ஒன்றின் நீராவி வால்வைத் திறந்தவுடன் பாய்லரின் அழுத்தம் சற்று இறங்கும். உடனே நீருக்குள் குமிழிகள் பெருகி நீர் முழுவதும் உப்பும். கிளாஸில் மட்டம் உயரும். உண்மையில் அந்த நேரத்தில் நீர் வெளியேறிக்கொண்டிருக்கிறது. மட்டம் ஏறிவிட்டதே என்று பாய்லருக்குத் தண்ணீர் ஏற்றும் ஃபீட் பம்பைக் கையால் நிறுத்தினால், தேவை தணிந்ததும் மட்டம் சரசரவென்று இறங்கிவிடும். நீர்மட்டம் தாறுமாறாக ஆடி, மேலே நுரை தெரிந்தால், பாய்லர் நீரில் கரைந்த உப்புகள் மிகுந்துவிட்டன என்று சந்தேகிக்க வேண்டும். அட்டெண்டண்டிடம் சொல்லி நீரைச் சோதித்து, புளோடவுன் செய்ய வேண்டும், அதாவது பாய்லர் நீரில் ஒரு பகுதியை வெளியேற்ற வேண்டும்.

மலை ரயில் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். மேட்டுப்பாளையம் குன்னூர் பல்சக்கரப் பாதையில் ஏற்றம் 12க்கு 1 வரை போகிறது. அந்தச் சரிவில் 4 மீட்டர் நீளமுள்ள ஒரு பாய்லரின் இரு முனைகளுக்கிடையே நீர் ஏறத்தாழ 33 சென்டிமீட்டர் வித்தியாசப்படும். நீராவி எஞ்சினை ஓட்டுபவர் பாதையின் சாய்வை மனத்தில் வைத்துத்தான் கிளாஸைப் படிக்க வேண்டும். தரையில் நிலையாக நிற்கும் பாய்லருக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் அடித்தளம் இறங்கியிருந்தால் அங்கும் இதே கணக்குப் பொருந்தும்.

அடைப்பு ஏன் அதிகமாகக் காட்டுகிறது

இதை நிதானமாகப் படியுங்கள். ஸ்டீம் வால்வோ அதன் வழியோ அடைபட்டால், கிளாஸின் மேற்பகுதியில் அகப்பட்ட நீராவி குளிர்ந்து நீராகும், அங்கே அழுத்தம் குறையும், பாய்லரின் அழுத்தம் கீழ்வழியாக நீரை மேலே தள்ளும். மட்டம் ஏறிக்கொண்டே போய்க் குழாய் நிறைந்துவிடும். மாறாக வாட்டர் வால்வோ அதன் வழியோ அடைபட்டால், மேலிருந்து வரும் நீராவி குளிர்ந்து சொட்டுச் சொட்டாகச் சேரும், வெளியேற வழியில்லாமல் மெல்ல மெல்ல மட்டம் உயரும். இரண்டு நிலையிலும் பாய்லருக்குள் தண்ணீர் குறைந்துகொண்டிருக்கலாம். கிளாஸ் மட்டும் நிறைந்திருக்கும். தண்ணீர் குறைந்து, உள்ளே தீ எரியும் ஃபர்னஸ் குழாயின் மேற்பகுதி நீருக்கு வெளியே வந்துவிட்டால் அந்த எஃகைக் குளிர்விக்க எதுவும் இருக்காது. 500 டிகிரியைத் தாண்டும்போது சாதாரணப் பாய்லர் எஃகு தன் வலிமையில் பெரும்பகுதியை இழந்து, சுற்றியுள்ள பாய்லர் அழுத்தத்தில் நசுங்கிவிடும்.

கிளாஸ் புளோடவுன்: சோதனைப் படிகள்

ஷிஃப்ட் மாறும்போதெல்லாம், தீ மூட்டி அழுத்தம் ஏறியதும், மட்டத்தைப் பற்றிச் சந்தேகம் எழும்போதெல்லாம் இதைச் செய்ய வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு கிளாஸை மட்டும் சோதியுங்கள், மற்றொன்று வேலையில் இருக்கட்டும். கையுறையும் கண்ணாடியும் அணிந்து, கிளாஸுக்கு நேர் எதிரே நிற்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள். டிரெயின் குழாயின் வாயருகே யாரும் இல்லை என்று பாருங்கள்.

முதற்படியாக, வாட்டர் வால்வை மூடி டிரெயினைத் திறந்து ஐந்து நொடிகள் விடுங்கள். குழாயில் உள்ள நீர் வெளியேறி, அதன் பின் நீராவி மட்டும் பலமாகச் சீறி வர வேண்டும். வந்தால் நீராவி வழி திறந்திருக்கிறது. பிறகு டிரெயினை மூடி வாட்டர் வால்வை மெல்லத் திறங்கள். நீர் விரைந்து பழைய மட்டத்துக்கு வர வேண்டும். மந்தமாக ஏறினால் நீர் வழியில் படிவு சேர்ந்திருக்கிறது.

இரண்டாம் படியாக, ஸ்டீம் வால்வை மூடி டிரெயினைத் திறந்து மீண்டும் ஐந்து நொடிகள் விடுங்கள். இப்போது நீர் வழியிலிருந்து வெள்ளை ஆவியோடு கலந்து நீர் பாய்ந்து வரும். 184 டிகிரி நீர் வெளிக்காற்றுக்கு வரும்போது அதன் எடையில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு உடனே ஆவியாகிவிடும் என்பதால் அந்த வெள்ளை ஆவியைக் கண்டு குழம்ப வேண்டாம். டிரெயினை மூடி, ஸ்டீம் வால்வைத் திறங்கள். நீர் பழைய மட்டத்தைத் தாண்டி ஏறி அங்கேயே நின்றுவிட்டால் நீராவி வழியில் அடைப்பு இருக்கிறது.

கடைசியாக மூன்று கைப்பிடிகளும் வேலை நிலைக்குத் திரும்பிவிட்டனவா என்று கையால் தொட்டுப் பாருங்கள். இரண்டு கிளாஸ்களும் ஒரே மட்டத்தைக் காட்டுகின்றனவா என்று ஒப்பிட்டு, லாக் புத்தகத்தில் நேரத்துடன் எழுதுங்கள். மொப்ரே என்று பொதுவாகச் சொல்லப்படும் மட்டச் சுவிட்சின் அறைக்கும் தனி டிரெயின் உண்டு. அதில் சேறு தங்கினால் மிதவை சிக்கிக்கொண்டு, தண்ணீர் குறைந்தாலும் தீயை நிறுத்தாது; அதையும் அட்டெண்டண்ட் சொல்லும் முறைப்படி சோதித்து வாருங்கள்.

வால்வுகளைப் படக்கென்று திறக்க வேண்டாம் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. பல பொருத்துகளில் கண்ணாடி உடைந்தால் தானே வழியை அடைத்துக்கொள்ளும் ஒரு சிறு உருண்டை உள்ளே இருக்கும். திடீரென்று திறந்தால் பாய்ச்சலின் வேகத்தில் அது போய் உட்கார்ந்துகொள்ளும். அப்போது நீங்களே அடைப்பை உண்டாக்கியவர் ஆவீர்கள்.

கிளாஸில் தண்ணீர் தெரியாவிட்டால்

இரண்டு கிளாஸ்களிலும் நீர்மட்டம் தெரியாவிட்டால், தண்ணீர் குறைந்துவிட்டது என்றே முதலில் கொள்ளுங்கள். உடனே தீயை நிறுத்துங்கள்: விறகோ உமியோ போடுவதை நிறுத்தி, தீக்குக் காற்றூட்டும் மின்விசிறிகளை அணைத்து, காற்றோட்டத்தைக் கட்டுப்படுத்தும் தகடான டாம்பரை மூடி, அட்டெண்டண்டை அழையுங்கள். தண்ணீர் விடாதீர்கள். காய்ந்து சிவந்த எஃகின் மேல் நீர் பட்டால் ஒரே நொடியில் பெருமளவு நீராவி உருவாகி, ஏற்கெனவே வலுவிழந்த தகட்டைக் கிழித்துவிடக்கூடும். சேஃப்டி வால்வைக் கையால் தூக்கி அழுத்தத்தை இறக்கவும் முயல வேண்டாம். மட்டம் கிளாஸுக்கு மேலே போய்விட்டதா, கீழே இறங்கிவிட்டதா என்பதைத் தீ நின்ற பிறகு அட்டெண்டண்ட் மேலே சொன்ன சோதனையால் கண்டறிவார். அது தெரியாமல் யார் அவசரப்படுத்தினாலும், உற்பத்தி எவ்வளவு தடைப்பட்டாலும், ஃபீட் பம்பைப் போட வேண்டாம்.

கண்ணாடி உடைந்தால், மாற்ற வேண்டியிருந்தால்

ஓடும்போது உடைந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு, முதலில் வாட்டர் வால்வை, பிறகு ஸ்டீம் வால்வை மூட வேண்டும். ஆவியாகிப் பரவும் சுடுநீர்தான் அதிகம் காயப்படுத்தும். சங்கிலி இழுத்து மூடும் வசதி இருந்தால் அதையே பயன்படுத்துங்கள்.

புதிய குழாய் போடும் முன் கசிவைத் தடுக்கும் பழைய பேக்கிங் வளையங்களையும் கண்ணாடித் துண்டுகளையும் முற்றிலும் எடுத்துவிடுங்கள். மேல், கீழ்ப் பொருத்துகள் ஒரே நேர்க்கோட்டில் இருக்கின்றனவா என்று பாருங்கள். குழாய் எங்கும் உரசாமல் தானாக இறங்க வேண்டும். கோணலாக இருக்கும் பொருத்தில் எவ்வளவு நல்ல கண்ணாடியைப் போட்டாலும் சில நாளில் விரிசல் விடும்.

நீளத்தில் மிகுந்த கவனம் தேவை. நீளம் கூடினால் சூட்டில் விரியும் கண்ணாடி உலோகத்தில் முட்டி உடையும், மேல்வழியையும் மறைக்கும். நீளம் குறைந்தால் அதைவிடத் தீமை: நட்டை இறுக்கும்போது ரப்பர் வளையம் குழாயின் விளிம்பைத் தாண்டி உட்பக்கமாகப் பிதுங்கி, துளையையே அடைத்துவிடும். வெளியே பார்க்கப் புத்தம்புதிய கிளாஸ், உள்ளே அடைப்பு. ஆகவே தயாரிப்பாளர் தரும் அளவில் வெட்டி முனை மழுங்கிய குழாய்களையே இருப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

நட்டைக் கையால் இறுக்கி, பிறகு ஸ்பானரால் சிறிதளவு மட்டும் திருப்புங்கள். சூடேற்றுவதற்கு டிரெயினைத் திறந்து வைத்து, ஸ்டீம் வால்வை மயிரிழை அளவு திறந்து, கண்ணாடி மெல்லச் சூடாகும்வரை விடுங்கள். பிறகு டிரெயினை மூடி, வாட்டர் வால்வை மெல்லவும், கடைசியாக ஸ்டீம் வால்வை முழுவதுமாகவும் திறங்கள். கசிந்தால் வால்வுகளை மூடி அழுத்தத்தை வெளியேற்றிய பிறகே மீண்டும் இறுக்க வேண்டும். பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டாமல் பாய்லரை ஓட்டக் கூடாது. குழாயின் உட்புறத்தைக் கம்பியால் தேய்த்துச் சுத்தம் செய்வதும் கூடாது; கண்ணுக்குத் தெரியாத கீறலிலிருந்துதான் பிளவு தொடங்குகிறது. மேல்பகுதி மங்கி, உட்சுவர் அரித்து மெலிந்திருப்பது தெரிந்தால், உடையும்வரை காத்திருக்காமல் மாற்றிவிடுங்கள்.

தொட்டிகளில்

ஃபீட் வாட்டர் டாங்கிலும் டீசல் டாங்கிலும் அழுத்தம் இல்லாததால் கவனம் குறைந்துவிடுகிறது. ஃபீட் டாங்கில் நீர் 80, 90 டிகிரியில் இருக்கும்போது சாதாரண பிவிசி ஓஸ் இளகித் தொய்ந்து கழன்றுவிடும்; அங்கே கண்ணாடிக் குழாயே தகுந்தது. அடர்ந்த சூடான காஸ்டிக் சோடா கண்ணாடியை அரிக்கும் என்பதால் அந்தத் தொட்டிக்கு அதைத் தாங்கும் பிளாஸ்டிக் குழாய் வேண்டும். மூடிய தொட்டியில் குழாயின் மேல்முனையை மீண்டும் தொட்டியின் மேற்பகுதியோடு இணைக்காவிட்டால் காட்டும் மட்டம் தவறாகும்.

டீசல் டாங்கில் குழாய் உடைந்தால் தொட்டி முழுவதும் தரையில் கொட்டும். அதனால் கீழே ஸ்பிரிங் வைத்த, கையை எடுத்தால் தானே மூடிக்கொள்ளும் வால்வு இருப்பது நல்லது. இல்லாவிட்டால் அளவு பார்த்தவுடன் வால்வை மூடிவிடுங்கள். டாங்கின் அடியில் தண்ணீர் தேங்கி அது குழாய்க்குள் ஏறிவிட்டால் மட்டம் குறைவாகத் தெரியும். அடியில் 200 மில்லிமீட்டர் நீரும் அதன் மேல் 1000 மில்லிமீட்டர் டீசலும் இருக்கையில், நீர் நிறைந்த குழாய் 1200க்குப் பதிலாக ஏறத்தாழ 1030 என்றே காட்டும். முதலில் அடி டிரெயினில் தண்ணீரை வடித்துவிட்டு அளவு பாருங்கள்.

படுக்கவைத்த உருளைத் தொட்டியில் உயரமும் கொள்ளளவும் ஒரே விகிதத்தில் மாறுவதில்லை. பாதி உயரத்தில் பாதி இருக்கும். ஆனால் கால் உயரத்தில் மொத்தத்தில் நூற்றுக்கு இருபதுக்கும் சற்றுக் குறைவாகவும், பத்தில் ஒரு பங்கு உயரத்தில் வெறும் ஐந்து அளவுக்கும்தான் எண்ணெய் இருக்கும். ஆகையால் குழாயின் பக்கத்தில் சென்டிமீட்டர் நாடாவை ஒட்டிவிட்டுப் போகாமல், அளந்து ஊற்றி ஒவ்வொரு நூறு லிட்டருக்கும் கோடு போட்டு, அந்தக் கோடுகளின்படியே லாக் புத்தகத்தில் லிட்டராக எழுதுங்கள்.